செகண்ட் ஹேண்ட் பொலேரோல இருக்குற பம்பர் கார்டை கழட்டிரலாமா? அப்பா விடமாட்டேங்குறாரு

காங்கேயம்_ரோடு | செவ்வாய், இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பொலேரோ எடுத்தேன், 2020 மாடல், 71 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு, ஒரே ஓனர், எஞ்சின் சும்மா கல்லு மாதிரி இருக்கு. ஒரே ஒரு வில்லங்கம், முன்னாடி இருந்த ஓனர் பெருசா ஒரு புல் பார் போட்டு வச்சிருக்காரு. எங்கூர்ல பம்பர் கார்டும்போம். வண்டி பம்பருக்கு முன்னாடி குறுக்க ரெண்டு இஞ்சு இரும்புப் பைப்பு, கருப்பு பவுடர் கோட்டிங், நடுவுல ரெண்டு ஃபாக் லைட்டு வேற.

முதல்ல நானும் கெத்தாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். போன வெள்ளிக்கிழமை தாராபுரத்துல செக்கிங்ல நிறுத்தி, கழட்டிருங்க தம்பி, அடுத்த தடவை பாத்தா ஃபைனுன்னு சொல்லி அனுப்புனாங்க. அது கூட பரவால்லைங்க. ஞாயித்துக்கிழமை வாசல்ல வண்டி கழுவிட்டு இருந்தப்ப எம்பொண்ணு (யூகேஜி படிக்குது) அந்த மேல் பைப்ப ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு, தாடைய அது மேல வச்சுட்டு, ஹாரன் அடிங்கப்பான்னு நின்னா. எனக்கு அப்படியே வயித்தக் கலக்கிருச்சு. உள்ள போயி டேப் எடுத்துட்டு வந்து அளந்து பாத்தேன். கீழ் பைப்பு 58 சென்டிமீட்டர். மேல் பைப்பு 96. புள்ளை உயரம் 1 மீட்டர் 10.

அப்பாகிட்ட கழட்டலாம்னு சொன்னா ஒரே சத்தம். சென்னிமலை ரோட்டுல பழைய ஜீப்புல அவரு எருமைய இடிச்ச கதைய நூறாவது தடவையா சொல்றாரு, கார்டு இல்லாட்டி அன்னிக்கே ரேடியேட்டர் போயிருக்கும்னு. எங்க பக்கம் ராத்திரியில மாடு, நாய், சமயத்துல மயிலு கூட குறுக்க வரும், அது நெசந்தான். கழட்டுறதா வேண்டாமா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீசல்பிரியன் | செவ்வாய், இரவு 9:40

கழட்டாதீங்க அண்ணாச்சி. நான் சொல்லுதேன் கேளுங்க. கோவில்பட்டி தாண்டி நாலு வழிச்சாலையில ராத்திரி ரெண்டு மணிக்கு 70ல வந்துக்கிட்டு இருக்கேன், மீடியன்ல செடி மேஞ்சுக்கிட்டு இருந்த மாடு திடீர்னு இறங்கிட்டு. பிரேக் அடிச்சும் நிக்கல. கார்டு வளைஞ்சுது, ஃபாக் லைட்டு ஒண்ணு போச்சு, அவ்வளவுதான். வண்டிய அப்படியே திருநெல்வேலிக்கு ஓட்டிட்டு வந்துட்டேன். கார்டு மட்டும் இல்லன்னா வீட்டம்மாவும் புள்ளைகளுமா அந்த நேரத்துல ரோட்டுல நின்னுருப்போம். சட்டம் போடுறவன் ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு போடுவான், மாட்டை மீடியன்ல இருந்து எவன் ஓட்டுவான்?

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 10:22

நான் திண்டுக்கல் பக்கம் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். சொன்னா சில பேருக்குப் பிடிக்காது, ஆனா இந்தக் கார்டை ஒரு காலத்துல மாசம் இருபது முப்பது செஞ்சு வித்தவன்ங்கிற முறையில பேசுறேன்.

இந்த பைப்பு பாக்கத்தான் ரெண்டு இஞ்சு, கனம் ஒண்ணரை மில்லி இருந்தா பெருசு. எஸ்எஸ் கார்டுன்னு பளபளன்னு விப்பாங்கள்ல, அது இன்னும் மெலிசு. பெண்டிங் மெஷின்ல வளைச்சு, சைடுல பட்டை வச்சு வெல்டு அடிச்சு, கிரைண்டர் ஓட்டி, பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பிருவோம். சேசிஸ்ல தனியா ஓட்டை போட கஸ்டமர் சம்மதிக்க மாட்டாரு, அதனால ஏற்கனவே இருக்குற போல்ட்டு, டோயிங் கொக்கி மாட்டுற இடம், இதுலயே கிளாம்ப் போட்டு நிறுத்திருவோம். மொத்தம் நாலு போல்ட்டு. சில சின்னக் காருக்கு ரேடியேட்டர் தாங்குற அந்த தகரப் பட்டையிலயே மாட்டி விட்டுருக்கேன், இப்ப நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. லேசா இடிச்சாலும் மொத கார்டு போயி ரேடியேட்டரைத்தான் குத்தும்.

டெஸ்ட்டுன்னு ஒண்ணும் கெடையாதுங்க. கஸ்டமர் மேல ஏறி நின்னு ஒரு ஆட்டு ஆட்டிப் பாப்பாரு, ஆடலைன்னா காசு. அதான் டெஸ்ட்டு.

டீசல்பிரியன் தம்பிக்கு அன்னிக்கு அதிர்ஷ்டம். மாடு பக்கவாட்டுல உரசி விலகிருக்கும். நட்ட நடுவுல 70ல அடிச்சு எங்கிட்ட கொண்டு வந்த வண்டிக எல்லாத்துலயும் கார்டு உள்ள மடங்கி ஃபேன் வரைக்கும் போயிருந்துச்சு.

டீசல்பிரியன் | செவ்வாய், இரவு 10:31

அப்போ வளையும்னு நீங்களே சொல்லுதிய. வளைஞ்சா ஆளு மேல பட்டாலும் வளையும்ல? பொறவு என்ன நடந்து போறவனுக்கு ஆபத்து?

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 10:45

அங்கதான் தம்பி விஷயமே. ஒரு மாடு முந்நூறு நானூறு கிலோ, அதுக்கு வளையும். அறுபது கிலோ மனுசனுக்கு அது எங்க வளையறது, மனுசன்தான் வளைவான். கார்டு பைப்புக்கு நடுவுல ஒரு கை வச்சு அமுக்கிப் பாருங்க, அப்புறம் கார்டு இல்லாத கார் பம்பரை அமுக்கிப் பாருங்க. பம்பர் பிளாஸ்டிக்கு, கட்டை விரலுக்கே உள்ள போகும்.

பிசியோ_தேவி | புதன், காலை 6:50

டியூட்டிக்கு கெளம்புறதுக்கு முன்னாடி படிச்சேன், எழுதாம இருக்க முடியல. நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட், திருச்சி பக்கம். அடிபட்டு ஆபரேஷன் முடிஞ்சு நடக்க வைக்கிற வேலை என்னோடது.

சாதாரணமா கார் ஒரு ஆளை இடிச்சா என்ன ஆகும்னா, பம்பர் முதல்ல முழங்காலுக்குப் பக்கத்துல படும், கால் உடையும், அது உண்மை. ஆனா உடம்பு அப்படியே மடங்கி பானெட் மேல சாயும். அந்த பானெட் தகரம் மெலிசு, கீழ எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவுல கொஞ்சம் காலி இடம் இருக்கும், தலை பட்டா அமுங்கிக் கொடுக்கும். அந்த அமுங்குற ரெண்டு மூணு இஞ்சுதான் பல சமயம் ஆளு பொழைக்கிறதுக்கும் போறதுக்கும் வித்தியாசம். கார்டு இருந்தா இந்த வரிசையே மாறிடுது. முழங்காலுக்கு மேல, தொடை, இடுப்பு, நேரா அங்க படும். பைப்பு மேல படும்போது மொத்த அடியும் அந்த ஒரு கோட்டுல இறங்குது, பரவுறதுக்கு இடமே இல்ல. பெரியவங்களுக்கு இடுப்புன்னா சின்னப் பிள்ளைங்களுக்கு அதே உயரத்துல நெஞ்சு, கழுத்து, தலை. கேள்வி கேட்ட காங்கேயம் அண்ணன் டேப் வச்சு அளந்தாரே, அதைப் படிச்சதும் எனக்கு அப்படியே கை நின்னு போச்சு.

ஒரு அம்மாவுக்கு நாலு மாசம் தெரபி குடுத்தேன். அறுபது வயசுக்கு மேல, காலையில கீரை விக்கப் போறவங்க. வேன் மெதுவாத்தான் வந்துச்சுன்னு டிரைவரும் சொன்னாரு, அந்தம்மாவும் அதையேதான் சொன்னாங்க, பாவம் மெதுவாத்தான் வந்தான், அவன் மேல தப்பில்லன்னு. இடுப்பெலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருந்துச்சு. தொடையில ஒண்ணு இடுப்புல ஒண்ணு, குறுக்கால ரெண்டு கோடு, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி ரத்தம் கட்டி நின்னுச்சு, கருப்பா இருந்தது நீலமாகி மஞ்சளாகி மறையவே ஒன்றரை மாசம் ஆச்சு. அந்தம்மா எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கீழ குந்தி கீரை கட்ட முடியுமா. வாக்கர் புடிச்சு நடக்க வச்சேன். குந்த வைக்க முடியல.

நைட்ஷிப்ட்_சென்னை | புதன், காலை 11:05

கால் டாக்ஸி ஓட்றேன் பா, பதினோரு வருஷம். சிட்டில எவன்பா மாட்டுக்காக கார்டு போட்றான்? பார்க்கிங்ல பைக்காரன் உரசிட்டுப் போவான், ஷேர் ஆட்டோ பின்னாடி வந்து முட்டும், பம்பர் பெயின்ட்டு போச்சுன்னா டிங்கரிங் பெயின்டிங்னு ஆறாயிரம் ஏழாயிரம் காலி, அதுக்குத்தான் போட்றது. மீதி பேரு கெத்துக்கு. உண்மைய பேசணும்ல. ஜிபி ரோட்ல புது வண்டிய நேரா ஷோரூம்ல இருந்து இறக்கி, நம்பர் பிளேட் மாட்டறதுக்கு முன்னாடி கார்டு மாட்னவன்லாம் நான் பாத்திருக்கேன்.

நானும் போட்டேன் மொதல்ல. எஃப்சிக்கு, அதான் ஆர்டிஓ ஆபீஸ் தகுதிச் சான்றுக்கு, போகும்போது கழட்றது, முடிஞ்சதும் மாட்றதுன்னு ரெண்டு வருஷம் ஓட்னேன். அப்பறம் கழட்னது கழட்னதுதான், ஒரு எழவும் ஆகல, ரெண்டு கோடு விழுந்துச்சு அவ்ளோதான், டாக்ஸில கோடு விழாம இருந்தா அது டாக்ஸியே இல்ல.

டீசல்பிரியன் | புதன், மதியம் 1:18

தேவி அக்கா சொன்னது மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீய. ஜீப்புல போற அதிகாரி வண்டியில கார்டு இருக்கு, கட்சிக்காரன் வண்டியில கார்டுலயே கொடிக்கம்பம் வெல்டு அடிச்சு வச்சிருக்கான், அவனையெல்லாம் புடிக்க மாட்டான், நம்மளத்தான் புடிப்பான். அப்புறம் இந்த எஸ்யூவி எல்லாமே மூஞ்சி என் நெஞ்சு உயரத்துக்கு வருது, அது இடிச்சா மட்டும் பூவா வந்து விழுமா? நடந்து போறவனும் கொஞ்சம் ரோட்டைப் பாத்து போகணும்லா.

சட்டப்புள்ளி | புதன், மாலை 4:40

வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன், மோட்டார் கேஸ்தான் பெரும்பாலும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றதால கொஞ்சம் விவரமா எழுதுறேன்.

2017 டிசம்பர் 7ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநில போக்குவரத்து அதிகாரிகளுக்கும் ஒரு கடிதம் அனுப்புச்சு. அனுமதியில்லாம கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுறது நடந்து போறவங்களுக்கும் வண்டியில இருக்குறவங்களுக்கும் ஆபத்து, மோட்டார் வாகனச் சட்டம் 1988 பிரிவு 52க்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கன்னு. பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, கம்பெனி எப்படி தயாரிச்சு குடுத்துச்சோ அதுல இருந்து மாத்தக்கூடாது, அவ்வளவுதான். 2019ல சட்டத்தைத் திருத்துனப்ப 182ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, அதுல உபபிரிவு 4 படி இப்படி மாத்துற ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா ஃபைன், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்துக் கூட குடுக்கலாம்னு எழுதிருக்கு. நடைமுறையில ரோட்டுல ஐநூறு ஆயிரத்தோட விட்டுருவாங்க, அது வேற கதை.

பைக் வச்சிருக்குறவங்க பதற வேண்டாம், இது நாலு சக்கர வண்டிக்கு முன்னாடி மாட்டுற கம்பியைப் பத்தின பேச்சு. எங்க வீட்டுல ஒருத்தர் இதைக் கேட்டுட்டு ஸ்கூட்டர்ல இருந்த சாரி கார்டைக் கழட்டிட்டாரு!! அது ரூல் 123 படி இருந்தே ஆகணும்.

ஃபைனை விட பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு, அதை யாரும் யோசிக்கிறதில்ல. ஆளு அடிபட்டு கேஸ் ஆச்சுன்னா போலீஸ் நேர்ல பாத்து எழுதுற மகஜர்ல வண்டிய ஃபோட்டோ எடுத்து எழுதுவாங்க, முன்பக்கம் கூடுதலா இரும்புக் கம்பி பொருத்தப்பட்டுள்ளதுன்னு ஒரு வரி வந்துரும். அந்த வரிய வச்சு எதிர்த்தரப்பு என்னெல்லாம் பேசும்னு எனக்குத் தெரியும், நானே பேசிருக்கேன். இன்சூரன்ஸ் சர்வேயரும் அதைப் பத்திக் கேப்பாரு. அதிகாரி வண்டியில இருக்குன்னு அங்க சொன்னா எடுபடாது. அவங்களும் மாட்டக்கூடாதுதான், அதுக்கு நான் மறுப்பு சொல்லல.

நைட்ஷிப்ட்_சென்னை | புதன், மாலை 5:02

நடந்து போறவன் பாத்து போணும்னு சொன்னியே டீசலு. எங்க பா நடக்கறது? பிளாட்ஃபார்ம்ல கடை, கடை முன்னாடி பைக்கு, பைக்கு முன்னாடி டிரான்ஸ்ஃபார்மர். மினிஸ்ட்ரி புக்குல 2022 கணக்குப்படி நாட்டுல ரோட்ல செத்தது 1,68,491 பேரு, அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825. அஞ்சுல ஒருத்தரு. அத்தனை பேரும் பாக்காம போனவனா? டூவீலர்ல செத்தவங்க அதுக்கும் மேல, 74 ஆயிரம் சொச்சம். கார்டு மாட்ன வண்டி பைக்காரனை சைடுல அடிச்சாலும் அதே முட்டி அதே தொடைதான்.

எல்லாம் கார்டாலன்னு சொல்லல, சண்டைக்கு வராத.

சென்சார்_சாமி | புதன், இரவு 9:30

ஒரகடம் பக்கம் காருக்கு பார்ட்ஸ் செய்யுற கம்பெனியில இருக்கேன், பேரு கேக்காதீங்க. எல்லாரும் வெளிய இருக்குறவங்களைப் பத்தியே பேசுறீங்க, உள்ள உக்காந்துருக்குறவங்களுக்கு என்ன ஆகுதுன்னு நான் சொல்றேன்.

ஏர்பேக் எப்ப வெடிக்கணும்னு முடிவு பண்றது ஒரு சின்னப் பெட்டி, கியர் லிவருக்குக் கீழ தரையில உக்காந்துருக்கும், பல வண்டிகள்ல முன்னாடி ரேடியேட்டர் பக்கமும் சென்சார் இருக்கும். வண்டி எவ்வளவு வேகமா வேகம் குறையுதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு மோதல் மொத்தமே பத்துல ஒரு நொடிதான், அதுக்குள்ள கண்ணிமைக்கிற நேரத்துல முடிவெடுத்து பை ஊதி முடிஞ்சிருக்கணும், ஏன்னா அதுக்கு மேல உங்க மூஞ்சி ஸ்டீரிங் கிட்ட வந்துரும். இந்த டைமிங்கை கம்பெனிக்காரன் கம்பி இல்லாத வண்டிய சுவத்துல மோதி மோதி செட் பண்ணிருக்கான். நீங்க முன்னாடி சேசிஸோட ஒரு இரும்பைக் கட்டி விட்டுட்டா, அடி வர்ற வழியே மாறிடுது. முன்னாடி பாகம் கசங்கிக் கசங்கி அடிய வாங்கிக்கணும், அதுக்குத்தான் அப்படி டிசைன் பண்ணிருக்கு, கம்பி இருந்தா கசங்குறதுக்கு முன்னாடியே அடி நேரா சேசிஸுக்குப் போகுது. சில சமயம் வெடிக்க வேண்டாத சின்ன இடிக்கு வெடிக்கும், சில சமயம் வெடிக்க வேண்டியப்ப லேட் ஆகும். எது நடக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அந்தக் கம்பியோட யாரும் மோதிப் பாக்கல, பட்டறைக்காரர் சொன்ன மாதிரி ஏறி நின்னு ஆட்டிப் பாத்ததுதான்.

பிளாஸ்டிக் பம்பர் மட்டம்னு நெனக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. நடந்து போறவங்க பாதுகாப்புக்குன்னு நம்ம நாட்டுல ஏஐஎஸ் 100னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு. கால் மாதிரி ஒரு டம்மியை பம்பர்ல அடிச்சுப் பாப்பாங்க, தலை மாதிரி ஒரு உருண்டையை பானெட்ல அடிச்சுப் பாப்பாங்க. பம்பருக்குப் பின்னாடி ஸ்பாஞ்சு மாதிரி ஒரு ஃபோம் இருக்குறது, பானெட்டுக்கு அடியில காலி இடம் விடுறது, எல்லாம் அதுக்குத்தான். அத்தனை வேலையும் பண்ணிக் குடுத்த வண்டிக்கு முன்னாடி ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கம்பி மாட்டுனா அந்த ஃபோமுக்கு வேலையே இல்ல.

எஸ்யூவி மூஞ்சி உயரம்னு டீசல்பிரியன் சொன்னது சரியான பாயிண்டு, அதை யாரும் கண்டுக்காம விட்டீங்க. கார்டைக் கழட்டுனதும் பொலேரோ ஒண்ணும் சாதுவாயிடாது. இருக்குற ஆபத்துக்கு மேல இன்னொண்ணு சேக்காம இருக்கோம், அவ்வளவுதான்.

கங்காருநாடு | வியாழன், காலை 5:55

ஆஸ்திரேலியால இருந்து எழுதுறேன், நியூ சவுத் வேல்ஸ்ல உள்நாட்டுப் பக்கம், வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இந்த புல் பாருக்கு தாய்வீடே இந்த ஊர்தான், ரூ பார்னும் சொல்லுவாங்க, கங்காருவுக்காக. சாயங்காலம் இருட்டுற நேரம் ரோட்டோரமா நிக்கும், லைட்டைப் பாத்ததும் எந்தப் பக்கம் குதிக்கும்னு அதுக்கே தெரியாது. அடுத்த ஊரு நூறு கிலோமீட்டர் தள்ளி, ஃபோன் சிக்னல் கிடையாது, அந்த இடத்துல ரேடியேட்டர் போச்சுன்னா உயிருக்கே சிக்கல். அதனால டீசல்பிரியன் சொல்றதை நான் சிரிச்சு ஒதுக்க மாட்டேன், எங்க வண்டியிலயும் இருக்கு.

ஆனா இங்க அதுக்கு ஸ்டாண்டர்டு இருக்கு, 2002லயே போட்டாச்சு, ஏஎஸ் 4876. வண்டி மாடலுக்கு மாடல் தனித்தனியா, அந்த வண்டியோட ஏர்பேக்குக்கு ஒத்து வருமான்னு பாத்துச் செய்யுற பார் கிடைக்கும், விலை நம்ம ஊர் பணத்துல லட்சத்தைத் தாண்டும். அடிலெய்டு யுனிவர்சிட்டியில ஒரு ஆராய்ச்சி மையம் ஸ்டீல், அலுமினியம், பிளாஸ்டிக்னு மூணு வகை பாரையும் டம்மி வச்சு அடிச்சுப் பாத்தாங்க. ஸ்டீல்தான் ரொம்ப மோசம், அலுமினியம் அதுக்கு அடுத்து. பிளாஸ்டிக் பார் சிலது வெறும் வண்டி மூஞ்சியை விடவே பரவாயில்லாம இருந்துச்சு. ஐரோப்பாவுல 2005லயே சட்டம் கொண்டு வந்துட்டாங்க, டம்மி டெஸ்ட்டுல பாஸ் ஆனாத்தான் புது வண்டிக்கு விக்கலாம், இரும்புக் கம்பி எங்க பாஸ் ஆகுறது.

இன்னொரு வித்தியாசம். நான் நூறு கிலோமீட்டர் ஓட்டுனா ரோட்டுல நடந்து போறவங்க ஒருத்தரைக் கூடப் பாக்க மாட்டேன். காங்கேயத்துல இருந்து தாராபுரம் போறதுக்குள்ள எத்தனை பஸ் ஸ்டாப்பு, எத்தனை ஸ்கூலு, எத்தனை டீக்கடை.

டீசல்பிரியன் | வியாழன், காலை 10:12

அப்போ பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கி மாட்டலாம்லா? ஆன்லைன்ல பாத்தேன், ஃபைபர் கார்டுன்னு நாலாயிரத்துக்குக் கெடக்கு.

பட்டறைக்காரன் | வியாழன், காலை 10:40

தம்பி அதுல பாதி, உள்ள இரும்புப் பட்டை, மேல ஃபைபர் கவரு. தட்டிப் பாத்தா தெரியும். அவரு சொல்ற ஆஸ்திரேலியா பிளாஸ்டிக்கு வேற, இது வேற. போலீஸ்காரரும் உரிச்சுப் பாக்கப் போறதில்ல, கார்டுன்னா கார்டுதான்.

நெறியாளர் | வியாழன், மதியம் 12:00

கட்சி வண்டி, கொடிக்கம்பம் பத்தி வந்த ஒன்பது பதிவை எடுத்துட்டேன். பம்பரோட நிறுத்திக்கோங்க.

காங்கேயம்_ரோடு | வியாழன், இரவு 8:47

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தேவி அக்கா எழுதுனதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், கீரைக்காரம்மா கதைய. கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, வெத்தலை போட எந்திரிச்சுப் போயிட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு வந்து, சரி மாட்டுக்கு என்ன பண்ணுவ, அதைச் சொல்லுன்னாரு. நெசமாலுமே என்ன பண்றதுங்க? வாரத்துல மூணு நாள் சந்தைக்கு ராத்திரியிலதான் போகணும்.

நைட்ஷிப்ட்_சென்னை | வியாழன், இரவு 11:20

இதுக்கு நான் சொல்றேன், நைட்டுதான் என் பொழப்பே. லோ பீம்ல உனக்கு ஒழுங்கா தெரியறது நாப்பது அம்பது மீட்டரு. 80ல போறன்னு வையி, மாடு தெரிஞ்சு மூளைக்கு ஏறி கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒன்றரை செகண்டு, அதுக்குள்ள 33 மீட்டர் போயிட்ட. அப்பறம் பிரேக் புடிச்சு நிக்க இன்னொரு 35. மொத்தம் எழுவது கிட்ட. அதாவது தெரியறதுக்குள்ள நிக்க முடியாது, கண்டிப்பா இடிப்ப. 60ல போனா 25 பிளஸ் 20, 45ல நின்னுடுவ. உங்கூரு ரோடு பதினஞ்சு கிலோமீட்டர்னா வித்தியாசம் நாலு நிமிஷம் கூட வராது பா.

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாயிடுச்சான்னு பாரு, பழைய பொலேரோல ஆகும், பாலிஷ் போட்டா பகல் மாதிரி இருக்கும். எதிர்ல வண்டி இல்லன்னா ஹை பீம் போடு, வந்தா இறக்கு. மாட்டோட கண்ணு லைட்டுக்கு பச்சையா மின்னும், ரோட்டோரமா ரெண்டு புள்ளி தெரிஞ்சா அப்பவே கால் பிரேக்ல இருக்கணும். எருமைதான் மோசம், கருப்பு, திரும்பி நின்னா ஒண்ணுமே தெரியாது, அப்பாகிட்ட கேளு, அவருக்குத் தெரியும்.

டீசல்பிரியன் | வெள்ளி, காலை 7:03

கணக்கு சரியாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் 70னு எழுதுனேன்லா. 90. வீட்டம்மா இந்த இழையைப் படிக்க மாட்டான்னு நெனச்சு சொல்லுதேன்.

என் கார்டு இருக்கட்டும் இப்போதைக்கு. யோசிக்கேன்.

காங்கேயம்_ரோடு | ஞாயிறு, மாலை 6:30

கழட்டியாச்சுங்க. நான் நெனச்ச மாதிரி பத்து நிமிஷ வேலையா இல்ல. நாலு போல்ட்டுல ரெண்டு ஈசியா வந்துருச்சு, மூணாவது துருப்புடிச்சு தலை வழுக்கிருச்சு, மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு மணி நேரம் ஊற வச்சு, பைப் ரெஞ்சு போட்டுத் திருப்புனது. நாலாவதை முன்னாடி ஓனர் வெல்டே அடிச்சு வச்சிருக்காரு, பக்கத்துத் தோட்டத்துப் பையன் கிரைண்டர் கொண்டு வந்து அறுத்து விட்டான். பட்டறைக்காரர் சொன்ன மாதிரியே, ஒரு பக்கம் கிளாம்ப்பு டோயிங் கொக்கி இடத்துலதான் தொங்கிட்டு இருந்துச்சு. அறுத்த பைப்புல பாத்தேன், தகரம் பத்து ரூவாக் காசு கனம் கூட இல்லைங்க. இதை நம்பித்தான் அப்பா எருமைய இடிக்கலாம்னு இருந்தாரு.

தூக்கிப் பாத்தா பதினஞ்சு கிலோ இருக்கும். பழைய இரும்புக்குப் போடலாம்னு ஆட்டோவைக் கூப்புட்டேன், அப்பா விடல. கொல்லையில பீர்க்கங்கொடிக்கு முட்டுக் குடுக்க வச்சுக்கிட்டாரு, ஃபாக் லைட்டை மாத்திரம் கழட்டிக் குடுத்துட்டாரு. வண்டியப் பாத்துட்டு மொட்டை அடிச்ச மாதிரி இருக்குதுன்னு நாலு தடவை சொல்லிட்டாரு, ஆனா சாயங்காலம் சந்தைக்கு அவரேதான் ஓட்டிட்டுப் போனாரு.

இப்ப ஒரு சந்தேகம். நம்பர் பிளேட்டு அந்தக் கார்டுலதான் மாட்டிருந்துச்சு, இப்ப பம்பர்ல மாட்டலாம்னா ஒரிஜினல் ஸ்க்ரூ ஓட்டையை எல்லாம் பெருசு பண்ணி வச்சிருக்காங்க, சின்ன ஸ்க்ரூ நிக்க மாட்டேங்குது. ஹை செக்யூரிட்டி பிளேட்டுங்கறதால நானே ஓட்டை போட்டு மாட்டலாமான்னும் தெரியல. யாருக்காச்சும் தெரியுமா?

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 7:15

நீங்களா மாட்டாதீங்க, அந்த பிளேட்டுக்கு ஸ்னாப் லாக் இருக்கும், தெறிச்சா திரும்ப மாட்ட முடியாது. பிளேட் போட்டுக் குடுக்குற டீலர்கிட்டயே போங்க, புது லாக் அடிச்சுக் குடுப்பாங்க. பெருசான ஓட்டைக்கு பின்னாடி ஒரு பிளாஸ்டிக் கிளிப்பு நட்டு வச்சா போதும், ஸ்பேர் கடையில அஞ்சு ரூபா பத்து ரூபாதான். வெல்டு அறுத்த இடத்துல உடனே பிரைமர் அடிச்சுருங்க, விட்டீங்கன்னா இந்த மழைக்கு சேசிஸ்ல துரு ஏறிரும்.

காங்கேயம்_ரோடு | ஞாயிறு, இரவு 7:40

சரிங்கண்ணா, நாளைக்கே அடிச்சர்றேன். ரெட் ஆக்சைடு போதுமுங்களா?

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 7:44

போதும். ரெண்டு கோட்டு.